தொட்டியில் பெருகும், மலையில் குறையும் கற்றாழை

கற்றாழைப் பேரினத்தில் ஐந்நூறுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றில் எந்தச் செடியை நாடு விட்டு நாடு கொண்டுபோனாலும் அரசாங்கக் காகிதம் வேண்டும், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று நம் கொல்லையில் கிடக்கும் சோற்றுக்கற்றாழை. உலகெங்கும் ஏக்கர் கணக்கில் பயிராகும் செடிக்குக் காவல் எதற்கு என்று அதை மட்டும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதே பட்டியலின் மறுகோடியில் இருபதுக்குச் சற்று மேற்பட்ட கற்றாழைகள் இருக்கின்றன. அவற்றைக் காட்டிலிருந்து எடுத்து வெளிநாட்டுக்கு விற்கவே கூடாது. பெரும்பாலானவை மடகாஸ்கர் தீவைச் சேர்ந்தவை. ஆப்பிரிக்கப் பெருநிலத்தின் தென்பகுதியிலிருந்து அந்தப் பட்டியலில் இடம்பெற்ற சிலவற்றுள் ஒன்று, லெசோத்தோ நாட்டு மலைகளில் மட்டும் வளரும் சுருள் கற்றாழை. தாவரவியல் பெயர் அலோ பாலிஃபில்லா. அந்த நாட்டு மக்கள் தங்கள் செசோத்தோ மொழியில் அதைக் கரெட்சா என்கிறார்கள்.

(நம் ஊர் வேலியோரத்து ஆனைக்கற்றாழையை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த வேறு பேரினம், பெயரில்தான் கற்றாழை.)

முதிர்ந்த சுருள் கற்றாழையை நேர்மேலிருந்து பார்த்தால், நடுக்குருத்திலிருந்து ஐந்து இலைவரிசைகள் சுழன்று சுழன்று வெளியே வருவது தெரியும். வரிசைக்குப் பதினைந்து முதல் முப்பது இலைகள்; ஆக ஒரு செடியில் 75 முதல் 150 வரை. தண்டு என்று சொல்ல ஒன்றுமில்லை. தரையோடு படிந்து சுமார் 80 செ.மீ. அகலத்துக்கு விரிகிறது. இலை தடித்து, சாம்பல் பூத்த பச்சையாக, நுனி மட்டும் கருகியதுபோல் கருஞ்சிவப்பாக இருக்கும். சில செடிகள் வலஞ்சுழி, சில இடஞ்சுழி. ஒரே சரிவில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். புதிய இலை, பழைய இலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி பார்த்து முளைக்கும் ஒழுங்கு பல தாவரங்களில் இருப்பதுதான். சூரியகாந்தித் தட்டிலும் அன்னாசிப்பழத்தின் மேல்தோலிலும் அதைப் பார்க்கலாம். இங்கே இலைகள் கனத்து நெருங்கியிருப்பதால் அந்தக் கணக்கு அப்பட்டமாகக் கண்ணில் படுகிறது. கன்றுப் பருவத்தில் சுழி கிடையாது. முளைத்துச் சில ஆண்டுகள் வரை சாதாரணக் கற்றாழைக் கன்றாகவே இருக்கும். ஏறக்குறைய ஒரு சாண் அகலம் வந்த பிறகே இலைவரிசைகள் திரும்பத் தொடங்கும்.

இந்தச் சுழியைப் பார்த்தவர்களுக்கு அதை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று தோன்றுகிறது. செடியின் கெடுகாலம் அங்கேதான் தொடங்குகிறது.

லெசோத்தோ நாலாபுறமும் தென்னாப்பிரிக்காவால் சூழப்பட்ட நாடு. பரப்பு 30,355 சதுர கி.மீ.; தமிழ்நாட்டில் கால்பங்குக்கும் குறைவு. அதன் மிகத் தாழ்ந்த இடமே கடல்மட்டத்துக்கு மேல் 1,400 மீட்டர், ஏறக்குறைய நம் ஏற்காட்டின் உயரம். மிக உயர்ந்த சிகரமான தபானா ந்ட்லென்யானா 3,482 மீட்டர். 1966 அக்டோபர் 4 அன்று விடுதலை பெறும்வரை பசுட்டோலாந்து என்ற பெயரில் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்து உறைந்த எரிமலைக் குழம்புதான் இந்த மலைகளின் மேல்பகுதி. அந்தக் கரும்பாறை உடைந்து சரிந்து கிடக்கும் செங்குத்தான சரிவுகளில், ஊட்டியின் உயரத்திலும் அதற்கு மேலும், சுருள் கற்றாழை வேர்பிடிக்கிறது.

கற்றாழை என்றால் தண்ணீரே கேட்காத செடி என்பது நம் அனுபவம். இந்தக் கற்றாழை அந்த அனுபவத்துக்கு அடங்காது. கோடையில் இதன் மலைகளில் நல்ல மழை. மேகம் சரிவில் உட்கார்ந்திருக்கும். மழைநீர் உடைகற்களுக்கு ஊடாக ஓடிக்கொண்டே இருக்கிறது, தேங்குவதே இல்லை. சல்லடையில் கூழாங்கல் நிரப்பி நட்ட செடிக்கு ஓயாமல் தண்ணீர் ஊற்றினால் எப்படியோ அப்படி: வேர் எப்போதும் ஈரம், ஆனால் ஒருபோதும் ஊறிக்கிடப்பதில்லை. காற்றும் குளிர்ச்சியும் வேர்வரை போகின்றன. குளிர்காலத்தில் செடியின் மேல் பனி விழுந்து மூடும், அதையும் தாங்கிக்கொள்கிறது. தாங்க முடியாதது வெப்பம். சமவெளித் தோட்டத்தில் சூடேறிய மண்ணில் ஈரமும் சேர்ந்தால் சில மாதங்களில் வேர் அழுகிவிடும். மலையிலிருந்து பெயர்த்தெடுத்துக் கீழே கொண்டுவந்த செடிகள் பெரும்பாலும் சாகின்றன என்று தோட்டக்கலைஞர்கள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். பிடுங்கியவனுக்குச் சில காசு, வாங்கியவனுக்குச் சில மாத அழகு, மலைக்கு ஒரு செடி குறைவு. இந்தத் திருட்டில் யாருக்கும் லாபம் நிற்பதில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரமூட்டுவது.

அலோ பாலிஃபில்லா என்ற பெயரில் இதை முறையாக விவரித்து வெளியிட்டவர், கேப்டவுனில் போலஸ் தாவரக்காப்பகத்தில் பணியாற்றிய நெவில் பில்லன்ஸ், ஆண்டு 1934. அடுத்த சில பதின்ம ஆண்டுகளில் கற்றாழை சேகரிப்போர் மத்தியில் இது பெரும்புகழ் பெற்றது. லெசோத்தோவில் மலைச்சாலை குறைவாக இருந்தவரை, செடி இருக்கும் இடத்துக்குக் குதிரையில்தான் போக முடியும். தொலைவே காவலாக இருந்தது. பிறகு சாலைகள் வந்தன. உயர்மலை ஆறுகளின் நீரைத் தென்னாப்பிரிக்காவுக்குத் திருப்பும் பெருந்திட்டத்துக்காக 1980களின் இறுதியிலிருந்து மலைகளின் உட்பகுதி வரை பாதை வெட்டப்பட்டது. சாலை மருத்துவத்தையும் பள்ளியையும் கொண்டுவந்தது, அதைக் குறை சொல்வதற்கில்லை. கூடவே சுற்றுலாப் பயணியையும் கொண்டுவந்தது. அவர் வண்டியை நிறுத்தும் இடத்தில் பெயர்த்த செடியோடு ஒரு பையன் நிற்பான். ஆடு மாடு மேய்க்கும் அந்தப் பையனுக்கு அது அன்றைய வருமானம். சாலையோரத்தில் விற்பவரிடம் இச்செடியையோ விதையையோ வாங்குவது தென்னாப்பிரிக்காவில் குற்றம் என்று அந்நாட்டுத் தாவரவியல் நிறுவனமே எச்சரிக்கிறது.

1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் ஆய்வாளர்கள் மலைமலையாக ஏறிச் செடிகளை எண்ணினார்கள். ஒரு கணக்கெடுப்பின் முடிவை எஸ். தாலுக்தார் 1983இல் ‘போதாலியா’ என்ற தாவரவியல் இதழில் வெளியிட்டார். இந்தக் கணக்குகளில் கிடைத்த எண்கள் ஆயிரங்களில்தான் இருந்தன. லட்சம் என்ற பேச்சே இல்லை. அந்த ஆயிரங்களும் ஓரிடத்தில் இல்லை. இந்தச் சரிவில் சில நூறு, அடுத்த பள்ளத்தாக்கில் சில பத்து என்று சிதறிக் கிடந்தன. முன்பு செடி இருந்ததாகப் பதிவான சில இடங்களில் ஒன்றுகூட மிச்சமில்லை.

சிதறல் ஏன் கவலைக்குரியது என்று புரிய, ஒரு பறவையைப் பார்க்க வேண்டும். நம் தோட்டங்களில் பறக்கும் தேன்சிட்டுகளின் உறவான பச்சைத் தேன்சிட்டு அது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண்பறவை உலோகப் பச்சையாக மின்னும், வால் நீண்டிருக்கும். குளிர்காலத்தில் தாழ்நிலங்களுக்கு இறங்கி, வெயில் திரும்பும்போது மலையேறும் வழக்கம் அதற்கு உண்டு. சுருள் கற்றாழை பூப்பது அங்கே வசந்தமான செப்டம்பர், அக்டோபரில். பூத்தண்டு அடியிலிருந்தே கிளைத்து, இளஞ்சிவப்புக் குழல் பூக்களைத் தாங்கி நிற்கும். அலகை உள்ளே விட்டுத் தேன் குடிக்கும் தேன்சிட்டின் தலையில் மகரந்தம் ஒட்டி அடுத்த செடிக்குப் போகிறது. கற்றாழைகளில் பெரும்பாலானவை தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. விதை பிடிக்க வேறொரு செடி வேண்டும், அதுவும் அதே பருவத்தில் பூத்த செடி. சுருள் கற்றாழையோ எல்லா ஆண்டும் பூப்பதில்லை. இருநூறு செடி உள்ள சரிவில் இது பெரிய சிக்கலில்லை. பத்துச் செடி மிஞ்சிய சரிவில், ஓராண்டில் இரண்டு பூத்து, அவற்றை நாடித் தேன்சிட்டு வராமல் போனால், பூ உதிர்வதோடு சரி. அதாவது கடைசிச் செடி பிடுங்கப்படுவதற்கு வெகு முன்பே ஒரு கூட்டம் வாரிசற்றுப் போய்விடலாம். முதிர்ந்த செடிகள் இன்னும் பல ஆண்டு நின்றுகொண்டிருக்கும். பார்ப்பவர் குறையே இல்லை என்று நினைப்பார்.

செடி குறைவதற்கு மேய்ச்சலும் ஒரு காரணம். தடித்த முள்விளிம்பு இலையைக் கால்நடைகள் விரும்பித் தின்பதைவிட, சரிவில் குறுக்கும் நெடுக்கும் நடந்து இளங்கன்றுகளை மிதிப்பதும், புல் மூடாக்கை அழித்து மண்ணை அரிக்க விடுவதும்தான் கேடு.

இனி, பாதுகாப்பு நிலை என்று சொல்கிறோமே, அது என்ன? ஒரே கேள்விக்கு ஒரே பதில் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் மூன்று தனித்தனி ஏற்பாடுகள் மூன்று தனித்தனிக் கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன.

முதலாவது, செடி வாழும் நாட்டின் சட்டம். பிடுங்கலாமா கூடாதா என்பது அதன் கேள்வி. லெசோத்தோ 1967இல் வரலாற்றுச் சின்னங்கள், தொல்பொருள்கள், விலங்கு, தாவரங்கள் பற்றி ஒரு சட்டம் இயற்றியது. சுருள் கற்றாழை அந்நாட்டில் பாதுகாக்கப்பட்ட தாவரம். அனுமதியின்றிப் பெயர்ப்பது குற்றம்.

இரண்டாவது, சைட்டிஸ் எனப்படும் பன்னாட்டு ஒப்பந்தம். 1973 மார்ச் 3 அன்று வாஷிங்டனில் கையெழுத்தாகி 1975 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1976இல் சேர்ந்தது. பலர் நினைப்பதுபோல் இது காட்டைக் காக்கும் சட்டமல்ல. எல்லை தாண்டும் வணிகத்தை மட்டும் கவனிப்பது. பின்னிணைப்பு 2இல் உள்ளவற்றை உரிமத்தோடு விற்கலாம். கற்றாழைகளில் பெரும்பாலானவை அதில் உள்ளன. பின்னிணைப்பு 1இல் உள்ளவற்றைக் காட்டிலிருந்து எடுத்து வணிகத்துக்கு அனுப்பவே முடியாது. சுருள் கற்றாழை இருப்பது இங்கே. செடி மட்டுமல்ல, விதையும் இலைத்துண்டும்கூட இதில் அடங்கும். ஆனால் ஒரு வாசல் திறந்திருக்கிறது: முறையாகப் பெற்ற தாய்ச்செடியிலிருந்து நர்சரியில் வளர்த்தது என்று நிரூபித்தால், அந்தச் செடியைப் பின்னிணைப்பு 2இல் உள்ளதைப்போல் நடத்தி விற்க அனுமதிக்கிறார்கள்.

மூன்றாவது, சிவப்புப் பட்டியல் முறை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கமான ஐயூசிஎன் வகுத்தது. ஒரு இனம் அற்றுப்போக எவ்வளவு வாய்ப்பு என்பதைப் பரப்பு, எண்ணிக்கை, குறைவின் வேகம் ஆகியவற்றைக் கொண்டு தரம் பிரிப்பது. அது ஒரு மதிப்பீடு. யாரையும் சிறையில் போடும் அதிகாரம் அதற்கு இல்லை. சுருள் கற்றாழையைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் அதை அழியும் அபாயத்தில் உள்ள செடி என்றே குறிப்பிடுகின்றன. பரப்பு சிறிது, கூட்டங்கள் சிதறல், திருட்டு தொடர்கிறது என்ற மூன்றும் சேர்ந்தால் வேறு முடிவுக்கு வர முடியாது.

இந்த மூன்றில் விமானநிலையத்தில் வேலை செய்வது சைட்டிஸ். மலைச்சரிவில் வேலை செய்ய வேண்டியது நாட்டுச் சட்டம். இரண்டுக்கும் இடையில் உள்ள தொலைவுதான் இந்தச் செடியின் பிரச்சினை.

திறந்திருந்த அந்த நர்சரி வாசல் வழியாகத்தான் நல்ல செய்தி வந்தது. தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில், அன்றைய நட்டால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001, 2002 ஆண்டுகளில் சுருள் கற்றாழையைத் திசு வளர்ப்பில் பெருக்கும் முறைகளை வெளியிட்டார்கள். வாழையில் நம் விவசாயிகள் நன்கறிந்த அதே நுட்பம்தான். குருத்தின் சிறுதுண்டைச் சத்துக்கூழில் வைத்தால் பல குருத்துகள் கிளைக்கும். இந்தச் செடியில் ஒரு தொல்லை இருந்தது. புட்டியில் வளரும் குருத்துகள் நீர்கோத்துக் கண்ணாடிபோல் வெளிறி, மண்ணுக்கு மாற்றினால் பிழைக்காது. ஊட்டக்கூழில் அம்மோனியத்தின் அளவையும் குருத்தைத் தூண்டும் சைட்டோகைனினின் அளவையும் சரிசெய்தும், புட்டியின் மூடி வழியே காற்றுப் போக வழிவைத்தும் அந்தக் கோளாறைக் குறைத்தார்கள். குளிர்ச்சியும் கடல்மூட்டமும் உள்ள கலிஃபோர்னியக் கரையோரத்தில் விதையிலிருந்தும் நன்றாக வளர்க்கிறார்கள். இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நர்சரிகளில் விலை கொடுத்துச் சட்டப்படி வாங்க முடிகிற செடியாகிவிட்டது.

இதைப் பார்த்து, அப்படியானால் செடி பிழைத்துவிட்டது என்று சொல்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நர்சரிச் செடி சந்தையின் பசியைத் தணிக்கும். மலையில் திருட வேண்டிய காரணத்தைக் குறைக்கும். அந்த அளவுக்கு அது மெய்யான நன்மை. ஆனால் மலையில் உள்ள கூட்டத்துக்கு அது மாற்று ஆகாது. திசு வளர்ப்பில் வந்த ஆயிரம் செடியும் மரபளவில் ஒரே செடி. தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத இனமென்றால், ஒரே தாயின் ஆயிரம் நகல்களைச் சரிவில் நட்டாலும் விதைக்கு ஒரு தனிச்செடி நட்ட கதிதான். விதைச்செடி நகலல்ல என்றாலும் அங்கே வேறு ஆபத்து. தோட்டத்தில் அருகே மற்றக் கற்றாழைகள் பூத்திருந்தால் கலப்பு விதை விழும். கற்றாழைகள் ஒன்றோடொன்று எளிதில் கலக்கும். எந்த மலை, எந்தச் சரிவு என்று தெரியாத செடியையும் திரும்பக் கொண்டுபோய் நடக் கூடாது. ஆகவே உலகத் தொட்டிகளில் எத்தனை இருந்தாலும், மலையின் கணக்கில் அவை வரவு வைக்கப்படுவதில்லை.

லெசோத்தோவுக்குள்ளேயே செய்யப்படும் வேலைக்குத்தான் அந்த மதிப்பு. 1990களில் கட்டி முடிக்கப்பட்ட காட்சே அணையின் அருகே ஒரு தாவரவியல் தோட்டம் இருக்கிறது. அணைநீரில் மூழ்கவிருந்த செடிகளைக் காப்பாற்றும் வேலையிலிருந்து பிறந்தது. சுருள் கற்றாழையை விதையிலிருந்து வளர்ப்பது அதன் முக்கியப் பணிகளுள் ஒன்று. செடி தன் உயரத்திலேயே, தன் மழையிலேயே, தன் ஊர் ஆட்களின் கையில் வளர்கிறது. வெளிநாட்டு நர்சரியில் விற்பனையாகும் செடியால் லெசோத்தோ மேய்ப்பருக்கு ஒரு காசு வருவதில்லை. அவர் கையால் வளர்த்த கன்றை விற்க முடிந்தால், சரிவில் உள்ளதைப் பிடுங்கும் தேவை குறையும். ஆனால் பின்னிணைப்பு 1 செடியை ஏற்றுமதி செய்யத் தாய்ச்செடியின் வரலாற்றைக் காட்டும் ஆவணம், அலுவலக அனுமதி, முத்திரை என்று ஆக வேண்டியது நிறைய. தொலைவில் உள்ள வசதியான நர்சரிக்கு இது எளிது; மலைக்கிராமத்துக்கு அல்ல. காக்கப் பிறந்த விதி, காக்க வேண்டியவர்களைச் சந்தைக்கு வெளியே நிறுத்துகிறது. விதியை எடுத்துவிடச் சொல்லவில்லை. கிராமத்துக்கு அந்தக் காகிதத்தை வாங்கித்தர ஒருவர் வேண்டும் என்கிறேன்.

இன்னொரு பழைய ஏற்பாடும் அங்கே உண்டு. மபோயெல்லா என்று பெயர். ஊர்த்தலைவர் ஒரு சரிவை இத்தனை காலத்துக்கு மேய்ச்சலுக்கு மூடிவைப்பார். புல் தேறிய பிறகு திறந்துவிடுவார். மீறி மேய்த்தால் அபராதம். கால்நடைக்காக வந்த வழக்கம்தான், கற்றாழைக்காக அல்ல. என்றாலும் மூடிய சரிவில் கன்றுகள் மிதிபடாமல் தலையெடுக்கும். அங்கே அந்நியர் நடமாடினால் ஊர் கவனிக்கும். ஜெனீவாவில் உள்ள சைட்டிஸ் அலுவலகத்தின் கை எட்டாத இடத்தில் ஊர்த்தலைவரின் சொல் எட்டுகிறது. காவலர் எண்ணிக்கை குறைந்த மலைநாட்டில் இதைவிடச் செலவில்லாத காவல் கிடைக்காது.

நம் வாசகர்களில் செடி வளர்ப்போர் கேட்கக்கூடிய கேள்வி, இதை இங்கே வளர்க்கலாமா என்பது. சென்னை, மதுரை வெயிலில் முயலவே வேண்டாம். நீலகிரி உயரத்தில் குளிர்ச்சி பொருந்தினாலும், வடிகால் சற்றுப் பிசகினால் பருவமழையில் வேர் தாங்காது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் செடிக்கும் விதைக்கும் சைட்டிஸ் அனுமதி வேண்டும். கடித உறையில் நாலு விதை வந்தாலும் அதுதான் விதி. இணையக் கடைகளில் நீலம், ஊதா நிறங்களில் சுழலும் கற்றாழைப் படத்தோடு மலிவான விதைப் பொட்டலம் வந்தால் படமே பொய். அப்படி ஒரு நிறம் இச்செடிக்குக் கிடையாது. உள்ளங்கை அளவுக் கன்றில் முழுச்சுழி காட்டினாலும் சந்தேகப்படலாம், அந்த வயதில் சுழி வருவதில்லை. மாறாக, நன்றாகச் சுழன்ற பெரிய செடி, வேரில் உடைகல் ஒட்டியிருக்க, இலையில் வெயிலும் பனியும் பட்ட வடுக்களோடு, காகிதம் இல்லாமல் கைக்கு வந்தால் அது நர்சரியில் வளர்ந்ததாக இருக்க வாய்ப்புக் குறைவு.